சாம்பல் தண்ணீர், அமிலம் இல்லை

அந்தக் காகிதத்தை ஒரு திங்கட்கிழமை காலையில் பலகையில் குத்தினார்கள். மலேசியாவில், 1979, மே மாதம். பத்து காஜா ஊர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் நுழைவாசலில் அந்தப் பலகை மாட்டியிருந்தது. விடுமுறை நாள்களும் தீயணைப்பு ஒத்திகை நேரமும்தான் அதுவரை அதில் வந்திருக்கின்றன. அன்று என் பெயர் வந்திருந்தது.

ஆங்கிலத்திலும் மலாயிலும் தட்டச்சு செய்திருந்தார்கள். இரண்டையும் நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பண்டகசாலை ராமையா என்னை முந்திக்கொண்டான்.

"மச்சான், பேரு போட்டுட்டான்லா. உங்கப்பா பேரையும் சேத்துப் போட்டிருக்கான்."

"படி."

படித்துத் தமிழில் சொன்னான். சன்னாசியின் மகன் உடையப்பன், ஆய்வுக்கூட உதவியாளர், கண்ணாடிக் கலன்களைக் கழுவும் முறையை அனுமதி இல்லாமல் மாற்றினார். மாற்றியதை மூன்று மாதம் மறைத்தார். அதனால் மூன்று மாத இலைச் சோதனை முடிவுகள் தள்ளுபடி செய்யப்படுகின்றன. விசாரணை வெள்ளிக்கிழமை. கீழே கூடத்தின் தலைவர் டாக்டர் லியோனார்டின் கையெழுத்து.

"மறைத்தார்னா போட்டிருக்கு?"

"அப்படித்தான் போட்டிருக்கு. ஒளிச்சி வச்சாருன்னும் சொல்லலாம்."

மாற்றியது உண்மை. முடிவுகள் கெட்டதும் உண்மை. மறைத்தேன் என்பது பொய். அந்த ஒரு சொல்லுக்காக நான் என்னவெல்லாம் செய்தேன், என்னவெல்லாம் செய்ய மறுத்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் அப்பா சன்னாசி, அந்த ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் வெட்டினார். விடியுமுன் எல்லாரும் பிரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுக்க வேண்டும். வாளிப் பாலில் தண்ணீர் கலந்தவன், மரத்தைக் காயப்படுத்தியவன், கட்டிப்பாலைத் திருடியவன் எல்லாரையும் அங்கேதான் தண்டல் கங்காணி பெயர் சொல்லித் தனியாக இழுத்து நிறுத்துவார். முந்நூறு பேர் பார்ப்பார்கள். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் அப்பா ஒரு நாள்கூட அப்படி நின்றதில்லை. எங்கள் வீட்டில் இருந்த சொத்து அதுதான். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அவர் இறந்து பத்து வருடம் கழித்து அவர் பெயரைப் பலகையில் நிறுத்தினார்கள், என் பெயருக்கு முன்னால்.

அந்தத் தோட்டத்தில் பாதியை அப்போது விற்றாகிவிட்டது. விற்ற பாதியில் கித்தா என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டிருந்தார்கள். மீதியில் இருபத்திரண்டு குடும்பங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தன. நான் ஈப்போவில் புந்தோங்கில் வீடு வாங்கிப் போய்விட்டேன். தினமும் பஸ்ஸில் வருவேன். என் தங்கை பாப்பா மட்டும் புருஷனோடு லயத்தில் இருந்தாள். துரையின் பழைய பங்களாதான் ஆராய்ச்சிக்கூடம். தோட்டங்களிலிருந்து வரும் இலையையும் மண்ணையும் சோதித்து, எந்த மரத்துக்கு எந்த உரம் எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். அதற்கு முந்திய வருடம் ரப்பர் ஆலைகளின் கழிவு நீருக்குச் சட்டம் வந்தது. அதிலிருந்து ஆலைகளின் அழுக்குத் தண்ணீரையும் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார்கள். இது ஆற்றில் விடலாம், இது விடக்கூடாது என்று நாங்கள் சான்று எழுதினோம்.

சோதனை முடிந்ததும் அந்தப் போத்தல்களை எங்கள் தொட்டியிலேயே கவிழ்த்தோம். தொட்டியிலிருந்து ஒரு குழாய், குழாயிலிருந்து பாரிட் என்கிற வாய்க்கால். அந்தப் பாரிட் லயத்தின் பின்பக்கமாக ஓடியது.

என் வேலை கழுவுவது. பதினைந்து வருடமாக அங்கே ஒரு குடுவைகூட என் கை படாமல் மேசைக்குப் போனதில்லை. கழுவுவதற்கு ஓர் அமிலம் உண்டு. கந்தக அமிலத்தில் ஆரஞ்சு நிற உப்பு ஒன்றைக் கரைத்துச் செய்வது. பார்க்கத் தேயிலைச் சாயம் போல இருக்கும். அதில் ஓர் இரவு ஊறினால் எந்த அழுக்கும் நிற்காது. சட்டையில் ஒரு சொட்டு பட்டால் அந்த இடமும் நிற்காது. பத்துப் பதினைந்து தடவை பயன்படுத்திய பிறகு பச்சையாக மாறிவிடும். பச்சையானால் செத்துவிட்டது என்று பொருள். செத்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பதினைந்து வருடம் நான்தான் ஊற்றினேன்.

அந்த வருடம் தை பிறந்ததிலிருந்து மழையே இல்லை. பாரிட்டில் கணுக்கால் தண்ணீர்தான். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பாப்பா வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதத்திலும் சின்னச் சின்னக் குழிகள். ஆணியால் குத்தியதுபோல வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் கறுத்து.

"என்னா இது?"

"துணி தொவைக்கப் போற எல்லாருக்கும் இருக்கு அண்ணே. காளியம்மா கையிலயும் இருக்கு. போன வாரம் என் வாத்து நாலும் செத்துப்போச்சு."

"ஆஸ்பத்திரி டிரெசர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். சொறின்னு களிம்பு குடுத்தாரு." மஞ்சளைப் பூசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பச்சையா தண்ணி வர்ற அன்னிக்குத்தான் எரியுது அண்ணே. அது எங்கேருந்து வருதுன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். உன் மூஞ்சிக்காக யாரும் பேசல."

அன்று நான் சாப்பிடவில்லை.

நேரே டாக்டர் லியோனார்டிடம் போனேன். ஈப்போ மிஷன் பள்ளியில் படித்து, இங்கிலாந்து போய் வந்தவர். தமிழர்தான், ஆனால் தமிழில் ஓர் எழுத்தும் படிக்க வராது. கெட்டவர் இல்லை. எல்லாருக்கும் மிஸ்டர் போட்டுப் பேசுவார். சட்டைக் கை மடிக்காதவர்.

நின்றுகொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒரு தடித்த புத்தகத்தைத் தட்டினார்.

"மிஸ்டர் உடையப்பன், ஸ்டாண்டர்ட் மெத்தட் இது. ஆசிட்லதான் கழுவணும். எல்லா லேப்லயும் அப்படித்தான்."

"கழுவுறதைச் சொல்லல டாக்டர். ஊத்துறதைச் சொல்றேன்."

"எவ்வளவு ஊத்துறோம்? வாரத்துக்கு ரெண்டு போத்தல். தண்ணியோட தண்ணியா போயிடும்."

"தண்ணியே இல்லையே டாக்டர்."

"மழை வரும்லா," என்று பேனாவை எடுத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

நான் முடித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அமிலத்தைத் தொடவில்லை.

எதால் கழுவுவது? எங்கள் லயத்தில் எண்ணெய்ப் பிசுக்கான எந்தச் சட்டியையும் கித்தா விறகுச் சாம்பலால்தான் துலக்குவார்கள். சாம்பலை வெந்நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுத்தால் கையில் வழவழவென்று இருக்கும். எந்தப் பிசுக்கையும் அறுக்கும். பாப்பாவின் அடுப்புச் சாம்பலை வாளியில் வாங்கி வந்தேன். வடித்த நீரில் குடுவைகளை இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் மூன்று தடவை குழாய்த் தண்ணீர், கடைசியில் ஒரு தடவை காய்ச்சி வடித்த வடிநீர்.

கண்ணாடி சுத்தமா என்று பார்க்க ஒரே வழிதான் உண்டு. தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால், அழுக்குள்ள கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். சுத்தமான கண்ணாடியில் மெல்லிய திரைபோல வழுக்கி இறங்கிவிடும், எங்கும் அறுபடாது. என் குடுவைகளில் திரை அறுபடவில்லை. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அமிலத்தில் கழுவியதைவிடப் பளபளப்பு.

கழுவும் இடத்தில் ஒரு பதிவேடு உண்டு. தேதி, எத்தனை கலன், எதால் கழுவினேன், கையெழுத்து. முன்பு கூடத்தின் தலைவராக இருந்த வெள்ளைக்காரத் துரை, "உனக்குத் தெரிந்த எழுத்தில் எழுது, ஆனால் தினமும் எழுது," என்று சொல்லியிருந்தார். பதினைந்து வருடமும் தமிழில்தான் எழுதினேன். அன்றும் எழுதினேன்: "சாம்பல் தண்ணீர். அமிலம் இல்லை. உடையப்பன்." நாலரை மணிக்கு டாக்டர் லியோனார்ட் வழக்கம்போல நடந்துகொண்டே பக்கத்தில் தன் எழுத்தைச் சுழித்துவிட்டுப் போனார்.

நிறுத்தச் சொன்னால் அப்போதே வாதாட வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மாதம் போனது. பாரிட்டில் பச்சை வருவது நின்றது. பாப்பாவின் காலில் குழிகள் ஆறி வெள்ளைத் தழும்பானது.

ஏப்ரல் கடைசியில் அகதா வந்தாள். பினாங்கில் படித்த பெண், ஊர் சித்தியவான் பக்கம், இருபத்துநான்கு வயதிருக்கும். இரசாயனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தாள். வந்த இரண்டாம் வாரம், ஒரு குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு என் தொட்டியருகே வந்து நின்றாள்.

"அங்கிள், கோவிச்சிக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். இலையே போடாம, வெறும் தண்ணியை மட்டும் இந்தக் குடுவையில ஊத்திச் சோதிச்சேன். பொட்டாஷ் காட்டுது."

"வெறும் தண்ணியிலயா?"

"அதான். முன்னாடி இருந்தவங்க வெறும் தண்ணி வச்சிப் பாக்கறதையே விட்டுட்டாங்க போல. மூணு மாசமா எல்லாத் தோட்டத்து இலையிலயும் பொட்டாஷ் அதிகம்னு எழுதியிருக்கு. அதை நம்பி நாலு தோட்டத்துல பொட்டாஷ் உரம் போடறதை நிறுத்திட்டாங்க." தயங்கினாள். "நீங்க எதுல கழுவுறீங்க?"

"சாம்பல் தண்ணியில."

அவள் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். பிறகு என்னைத் தன் மேசைக்கு அழைத்துப்போய், ஒரு கம்பியின் நுனியை என் சாம்பல் நீரில் தோய்த்து, விளக்கின் சுடரில் காட்டினாள். நீலச் சுடர் கத்தரிப்பூ நிறத்தில் எழுந்தது.

"இது பொட்டாஷ் அங்கிள். விறகுச் சாம்பல்ல நெறைய இருக்கும். கண்ணாடியில ஒட்டிக்கும், கண்ணுக்குத் தெரியாது."

பதினெட்டு வயதில் பொட்டாஷ் மூட்டையை முதுகில் சுமந்து இதே தோட்டத்தில் மரம் மரமாகத் தூவியவன் நான். அதே சரக்கை அடுப்பிலிருந்து அள்ளி வந்து, அதை அளக்கும் குடுவையிலேயே தேய்த்திருக்கிறேன். பிசுக்குப் போகிறதா என்று பார்த்தேன். பதிலுக்கு என்ன ஒட்டுகிறது என்று பார்க்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "நானே போய்ச் சொல்றேன்."

சொன்னேன். டாக்டர் லியோனார்ட் முகம் வெளுத்துவிட்டது. நாலு தோட்டத்து மேலாளர்களுக்கும் ஈப்போ தலைமை அலுவலகத்துக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.  மறு திங்கட்கிழமை காகிதம் பலகையில் ஏறியது. கூடத்துத் தலைவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்தான் விடை. வேலைக்காரன் மறைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மிஸ்டர் சியோங் வந்தார். பணியாளர் பிரிவு அதிகாரி, கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். டாக்டர் லியோனார்டின் அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. அகதாவையும் சாட்சியாக அழைத்திருந்தார்கள்.

மிஸ்டர் சியோங் மலாயில் பேசினார். ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அனுமதி இல்லாமல் மாற்றியதற்கும் மறைத்ததற்கும் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். வேலை இருக்கும்.

"ரெண்டுல ஒண்ணுக்குப் போடுறேன்," என்றேன். "சாம்பல்ல கழுவுனது என் தப்பு. யாரையும் கேக்கல, யாரும் சொல்லித் தரல. அதைப் பலகையில எவ்வளவு பெருசா வேணும்னாலும் போடுங்க. மறைக்கல."

"மூணு மாசம் யாருக்கும் தெரியலையே?" என்றார் சியோங்.

"பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்க."

வந்தது. மிஸ்டர் சியோங் புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் லியோனார்டிடம் தள்ளினார். டாக்டர் லியோனார்ட் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"படிங்க டாக்டர்," என்றேன்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும் மிஸ்டர் உடையப்பன்."

"அப்ப அந்தப் பொண்ணு படிக்கட்டும்."

அகதா எடுத்தாள். பிப்ரவரி பன்னிரண்டு. "சாம்பல் தண்ணீர். அமிலம் இல்லை. உடையப்பன்." அதை மலாயில் சொன்னாள். பிப்ரவரி பதின்மூன்று. "சாம்பல் தண்ணீர். அமிலம் இல்லை." பதினான்கு. "சாம்பல் தண்ணீர். அமிலம் இல்லை." பள்ளிப்பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல அவள் ஒன்றையும் விடாமல் படித்தாள். மார்ச் நடுவில் மிஸ்டர் சியோங் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எல்லாம் இதேதானா?"

"எழுபத்தொரு நாள் சார். எல்லாம் இதேதான்."

"பக்கத்துல இருக்கிற கையெழுத்து?"

 டாக்டர் லியோனார்டுக்குக் காது சிவந்திருந்தது.

"நான் ஆசிட்னுதான் எழுதியிருக்கும்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "வாயால சொல்லியிருக்கலாமே மிஸ்டர் உடையப்பன்?"

"வாயால ஒரு தரம் சொன்னேன் டாக்டர். தண்ணியோட தண்ணியா போயிடும்னீங்க. அதுக்கப்புறம் எழுத்துல சொன்னேன். எழுபத்தொரு தரம்."

அகதா குனிந்து பதிவேட்டின் மூலையை நீவிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

மிஸ்டர் சியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியாயமான மனிதர், ஆனால் மாலை பஸ்ஸுக்குள் விஷயத்தை முடிக்க நினைப்பவர். "சரி. அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். இன்றைக்கே காகிதத்தைக் கழற்றிவிடலாம். நீ நாளையிலிருந்து பழையபடி அமிலத்தில் கழுவு. விஷயம் முடிந்தது. செத்துஜு?"

சம்மதமா என்று கேட்கிறார். நான் எடுக்கச் சொன்ன சொல்லை எடுத்துவிடுவார்கள். அதற்கு விலை, வாரத்துக்கு இரண்டு போத்தல் பச்சைத் தண்ணீர்.

"அந்த அமிலத்தை இந்தக் கை இனிமே ஊத்தாது," என்றேன். "அதுக்குத்தான் காகிதத்தை எடுப்பீங்கன்னா, காகிதம் அங்கேயே இருக்கட்டும்."

தாளில் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.  

பாப்பாவுக்குச் சேதி எனக்கு முன்பே போய்விட்டது. ராமையாவின் வாய் அப்படி. லயத்து முனையில் வழிமறித்தாள்.

"ஏன் அண்ணே இப்படிப் பண்றே? பேரை எடுக்கறேன்னாங்களாமே. சரின்னு சொல்லிட்டு வர்றதுக்கு என்னா? நாங்க வேற எடத்துல துணி தொவைச்சிக்கிறோம்."

"வேற எடம் எங்கே இருக்கு?"

"இருக்குதோ இல்லையோ. அப்பா பேரு பலகையில தொங்குது. பிரட்டுல நிக்க வச்ச மாதிரி இருக்கு எனக்கு. எனக்காக ஒண்ணும் வேணாம், நம்ம பேரைக் காப்பாத்து."

"பேருன்னா காகிதத்துல இருக்கறதா? உன் காலு அதுல சேத்தி இல்லையா?" குரல் உயர்ந்துவிட்டது. வாசல்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சன்னாசி மகன் விஷத்தை ஊத்துறான்னு இந்த லயமே பதினஞ்சு வருஷம் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. அது எந்தப் பலகையில இருந்துச்சு?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "கத்தாதே. சோறு இருக்கு, வா," என்றாள்.

அடுத்த வாரம் முழுக்கத் தினமும் வேலைக்குப் போனேன். சீருடை போட்டுத் தொட்டியருகே நின்றேன். கழுவவில்லை. அழுக்குக் குடுவைகள் மேசையில் சேர்ந்தன, பிறகு தரையில். புதன்கிழமை டாக்டர் லியோனார்ட் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே அமிலத்தில் கழுவ வந்தார். இருபது நிமிடத்தில் அவர் டெரிலின் கால்சட்டையில் தொடைப் பக்கம் ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு ஓட்டை.

"டாக்டருக்குக் காத்து வருதுலா இப்ப," என்றான் ராமையா, அவர் போன பிறகு.

அகதா பண்டகசாலையில் சலவை சோடா மூட்டையைக் கண்டுபிடித்தாள். "அங்கிள், இதுல பொட்டாஷ் இல்ல. கொதிக்கிற தண்ணியில ஊறப்போட்டு, நல்லா அலசுனா போதும்னு நெனைக்கிறேன். ஆனா நெனைச்சாப் போதாது. காட்டணும்."

"எப்படிக் காட்டுறது?"

"நீங்க பத்து, டாக்டர் பத்து."

டாக்டர் லியோனார்ட் உடனே ஒப்புக்கொண்டார். குடுவை இல்லாமல் கூடமே நின்றுபோயிருந்தது; தவிர, வெல்வது தானே என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. வேறொரு கால்சட்டையில் வந்து, தன் பத்துக் குடுவைகளை அமிலத்தில் கழுவினார். நான் என் பத்தைச் சோடாவில் கொதிக்கவைத்து, இந்த முறை மூன்று தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை வடிநீர். சாம்பலில் கற்றது அது. ராமையா இருபதையும் கலந்து, அடியில் எண் ஒட்டி, எந்த எண் யாருடையது என்பதை எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இரண்டு நாள் அவன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். அவன்தான் கூடத்துத் தலைவர்.

செவ்வாய்க்கிழமை காலை அகதா இருபது முடிவுகளையும் மேசையில் விரித்தாள். வெறும் தண்ணீர், தெரிந்த அளவு பொட்டாஷ், சுண்ணாம்பு, மக்னீசியம். எல்லாவற்றையும் சோதித்திருந்தாள்.

"டாக்டர், இதுல அங்கிள் கழுவுனது எதுன்னு சொல்லுங்க."

அவர் நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை எண்களைப் பென்சிலால் வட்டமிட்டார், அழித்தார். கடைசியில் ஐந்து எண்களைக் கொஞ்சம் மோசமானவை என்று பிரித்து, "இதெல்லாம்," என்றார். ராமையா மடித்த தாளைப் பிரித்தான். ஐந்தில் மூன்று டாக்டருடையவை.

"மொத்தத்துல வித்தியாசமே இல்ல டாக்டர்," என்றாள் அகதா. மெதுவாகத்தான் சொன்னாள்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி. சோடாவிலேயே கழுவுங்க."

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்படும்போது பார்த்தேன். பலகை வெறுமையாக இருந்தது. நான்கு ஊசித்துளைகள். பதினாறு நாள் இருந்த காகிதத்தை யாரும் இல்லாத நேரத்தில் கழற்றியிருக்கிறார். நான் திரும்பி அவர் அறைக்குப் போனேன்.

"காகிதம் எங்க டாக்டர்?"

"கழட்டிட்டேன் மிஸ்டர் உடையப்பன். முடிஞ்சது. வீட்டுக்குப் போங்க."

"நேத்து வரைக்கும் மறைச்சவன். இன்னைக்கு ஒண்ணும் இல்லாதவன். கழட்டினாப் போதாது டாக்டர். எதை ஒட்டுனீங்களோ அந்த எடத்துல உண்மையை ஒட்டுங்க. பதினாறு நாள்."

"கூடத்துக்கு அவமானம் இல்லையா அது? எனக்கு?"

"எங்கப்பாவுக்குப் பதினாறு நாள் இருந்துச்சே."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செம்பனை லாரி ஒன்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. மண் அடங்கும்வரை நான் அசையவில்லை. அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"சொல்லுங்க. என்னா எழுதணும்?"

சொன்னேன். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் எழுதினார். சன்னாசியின் மகன் உடையப்பன் கழுவும் முறையை அனுமதி இல்லாமல் மாற்றினார். சாம்பல் நீரில் கழுவியதால் பொட்டாஷ் முடிவுகள் கெட்டன. அது அவர் தவறு. அந்த வரியில் பேனா நின்றது. "இதுவும் இருக்கணுமா?"

"அதுதான் முதல்ல இருக்கணும்."

மாற்றியதை அவர் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுதினார், கூடத்தின் தலைவர் ஒவ்வொரு நாளும் கையெழுத்திட்டார், எதையும் மறைக்கவில்லை. இனி இந்தக் கூடத்தில் கழுவும் அமிலம் பயன்படுத்தப்படாது, எந்த இரசாயனமும் தொட்டியில் ஊற்றப்படாது. கடைசி வரியை நான் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு எழுதினார்.

காலையில் அது மூன்று மொழியில் பலகையில் இருந்தது. தமிழ் அகதாவின் கையெழுத்து. முதலில் வந்து படித்தவள் பாப்பா. எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, சத்தம் போட்டுப் படித்தாள். 'சன்னாசியின் மகன்' என்ற இடத்தில் விரலைக் கொஞ்சம் அழுத்தினாள். வேலைக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மீதிப் பச்சை அமிலம் நான்கு பெரிய போத்தல் இருந்தது. எங்கே வைப்பது என்று கேட்டதற்கு டாக்டர் லியோனார்ட் கையை விரித்தார். நான் மூடிகளை இறுக்கி, மெழுகு ஊற்றி அடைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவர் அறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். வெயில் பட்டதும் அறைச் சுவரெல்லாம் பச்சையாகிவிட்டது.

"இது எத்தனை நாளைக்கு இங்க இருக்கணும் மிஸ்டர் உடையப்பன்?"

"ஊத்த ஒரு எடம் கெடைக்கிற வரைக்கும் டாக்டர். பாரிட் எடம் இல்ல."

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை ஐந்து வருடம், நாலரை மணிக்கு அவர் பதிவேட்டருகே வந்து நிற்பார். பேனாவைத் திறக்கமாட்டார்.

"என்னா எழுதியிருக்கு?"

"சோடாத் தண்ணீர். அமிலம் இல்லை. உடையப்பன்."

அதன் பிறகுதான் கையெழுத்துப் போடுவார். நான் தினமும் நின்றுகொண்டே படித்துக் காட்டினேன்.